சொல்லும் கூற்றும்: வெர்தாமின் உரைகளும் இனவெறுப்பைப் பேசிய படக்கதைகளும்

ஒரு கதையுள் வரும் இழிசொல் யாருடையது? அதனை மொழியும் மாந்தனுடையதா, அம்மாந்தனைப் படைத்துக் காட்டிய ஆசிரியனுடையதா? தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இவ்வினா புதிதன்று. அகப்பாட்டு ஒன்றனைக் கற்கப் புகுவோர் முதற்கண் நோக்குவது அது யார் கூற்று, யாரைக் கேட்போராகக் கொண்ட கூற்று என்பதனையே. தோழி தலைவனை இயற்பழித்து உரைக்குமிடத்துப் புலவரே தலைவனை இகழ்ந்தார் என்று எவரும் கொள்ளார். தலைவியின் வாயிலிருந்து அவன் பெருமையை வருவித்தற்கே தோழி அவ்வாறு பழிக்கின்றாள். கூற்றினை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் தனியே எடுப்பின் பாட்டின் பொருள் முற்றும் மாறிவிடும்.

ஈண்டு யாம் ஆராயப் புகுவது தமிழ்ப் பாட்டன்று. அமெரிக்க நாட்டுப் படக்கதையும், அதனைப் பற்றி அறிஞர் ஒருவர் பொதுமன்றங்களில் ஆற்றிய உரைகளுமாம். ஆயினும் வழக்கு அதுவே. சொல்லைக் கூற்றினின்று பிரித்தமையால் ஒரு கதைக்கு நேர்ந்த தீங்கினையும், பின்னர் அதே தீங்கு அவ்வறிஞர்க்கே நேர்ந்தவாற்றினையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

1954-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் நியூயார்க்கு நகரின் போலி சதுக்கத்திலுள்ள நீதிமன்றக் கட்டடத்தில் அமெரிக்கச் செனட்டுத் துணைக்குழு ஒன்று கூடியது. இளையோர் குற்றங்கள் பெருகுதற்குப் படக்கதை இதழ்கள் காரணமா என்று ஆராய்தல் அதன் பணி. அன்று சான்றுரைத்தோருள் இருவர் வரலாற்றில் நிலைபெற்றனர். ஒருவர் மனநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்தாம். ‘மாசற்றோரை மயக்குதல்’ எனப் பொருள்படும் தலைப்புடைய அவர்தம் நூல் அத்திங்களில்தான் வெளிவந்திருந்தது. மற்றவர் ஈ.சி. என்னும் நிறுவனத்தின் உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ். அச்சமூட்டும் படக்கதைகளை வெளியிட்டுப் பெயர் பெற்றவர்.

அந்நாளைப் பற்றி இன்று யாரைக் கேட்பினும் ஒரு செய்தியே கூறுவர். கோடரியும் கையுமாக நிற்கும் ஒருவன் பெண்ணொருத்தியின் துண்டித்த தலையைப் பிடித்திருக்கும் அட்டைப்படம் ஒன்றைக் காட்டி, இது நற்சுவையுடையதா என்று செனட்டர் கீஃபாவர் வினவினார். அச்சக்கதை இதழுக்கு இது தக்கதே என்று கெயின்ஸ் விடையிறுத்தார். மறுநாட் செய்தித்தாள்களில் இவ்விடையே இடம்பெற்றது. பின்வந்த நூல்களும் அதனையே வழிமொழிந்தன. கெயின்ஸின் தோல்விக்கு அவ்வொரு விடையே போதியதாயிற்று. ஆனால் அதே அமர்வில் இனவெறுப்பைப் பற்றி நிகழ்ந்த வழக்கொன்று உண்டு. எம் கருத்தில் அன்றைய நாளின் முதன்மையான பகுதி அதுவே. பொதுநினைவு துண்டித்த தலையைப் பற்றிக்கொண்டு இதனைக் கைவிட்டது.

வெர்தாம் தம் உரையில் படக்கதைகள் இளஞ்சிறார்க்கு இனவெறுப்பைக் கற்பிக்கின்றன என்றார். அவ்வகையில் அவற்றோடு ஒப்பிடின் இட்லரும் தொடக்க நிலையினரே என்னும் அளவிற்குச் சென்றார். சான்றாக ஈ.சி. இதழ்க்கதை ஒன்றை எடுத்துக்கொண்டார். அக்கதையில் மெக்சிகோ நாட்டு வழியினரான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று புதிய தெருவில் குடியேறுகின்றது. அவ்வினத்தாரை இழித்துரைக்கும் சொல் கதையுள் எத்துணை முறை வருகின்றது என்பதனை அவர் எண்ணிக் காட்டினார். முடிவில் ஒருவர் அடித்துக் கொல்லப்படுதலையும் கூறினார். அடிபட்டு இறப்பது ஆணன்று, பெண் என்பதே அதிலுள்ள ஒரே பிழை என்று எள்ளலாகவும் மொழிந்தார்.

இனிக் கதையை நோக்குவோம். ‘கசையடி’ எனப் பொருள்படும் தலைப்புடைய அது 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது; வாலி உட் என்பார் வரைந்தது. குடியேறிய குடும்பத்து இளைஞனைத் தன் மகள் விரும்புதலைப் பொறாத தந்தை ஒருவன், அண்டை அயலாரைத் தூண்டி முகமூடிக் கூட்டம் ஒன்றைத் திரட்டுகின்றான். இருளில் அவ்வீட்டிற் புகுந்து ஓர் உருவத்தைப் பற்றி மூடிக் கொணர்ந்து அடிக்கின்றனர். மூடியை நீக்கிப் பார்க்குங்கால் இறந்து கிடப்பது தந்தையின் சொந்த மகள். இழிசொல்லைக் கதை முழுதும் மொழிபவன் அத்தந்தை. அவனுக்கு ஒத்துப் பாடுவோர் அவனுடைய கூட்டத்தார். கதையாசிரியன் அச்சொல்லை அவன் வாயில் வைத்தது அவனை நம் கண்முன் நிறுத்தித் தண்டித்தற்கேயாம். வெர்தாம் பிழை என்று எள்ளிய அந்த ஒன்றே கதையின் உயிர்நிலை. கொல்லப்பட்டவள் பெண் என்றாரேயன்றி, அவள் யாருடைய மகள் என்று அவர் கூறவில்லை.

கெயின்ஸ் தம் முறை வந்தபோது இதனை எடுத்துரைத்தார். இனவெறுப்பும் கும்பல் வன்முறையும் எத்துணைக் கொடியன என்று காட்டும் வரிசைக்கதைகளுள் இஃது ஒன்று என்றும், மருத்துவர் கதையின் போக்கினைக் குழுவினர்க்குச் சொல்லவில்லை என்றும் கூறினார். அவர் கூற்று உண்மையே. ஆயின் அதன்பின் நிகழ்ந்ததனையும் மறைத்தல் ஆகாது. நல்ல கருத்து ஒன்றைப் படக்கதை வழியாகச் சிறுவர் உள்ளத்திற் பதிக்க முடியும் என்று கருதுகின்றீரா என்று குழுவின் சார்பில் வினவப்பட்டது. கருத்து எவர்க்கும் தப்பாதவாறு வெளிப்படையாக எழுத்திற் கூறினால் முடியும் என்றார் கெயின்ஸ். அவ்வாறு கூறியும் சிலர்க்கு விளங்கவில்லை, மருத்துவர்க்கும் விளங்கவில்லை என்று குத்தலும் சேர்த்தார். நல்ல கதை நன்மை பயக்கும், தீய கதை எதுவும் பயவாது என்று ஒருங்கே வாதிடுதல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவிற்கு அன்று அவரிடம் தக்க விடை இல்லை. வணிகரின் மொழி அது. நல்ல கதை ஒன்றின் வழக்கறிஞராக அவர் அமைந்தது அக்கதையின் தீயூழ்.

இனவெறுப்பை எதிர்க்கும் கதையை இனவெறுப்புக் கதையாகப் படித்த வெர்தாம் யார்? படக்கதைகளின் பகைவர், குறுகிய மனத்தர், தணிக்கையாளர் என்றே பலரும் அறிவர். இங்குத்தான் யாம் வாசகரைச் சற்று நிறுத்த விரும்புகிறோம்.

செருமனியில் 1895-இல் பிறந்து 1922-இல் அமெரிக்கா சென்றவர் வெர்தாம். 1946-ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் புனித பிலிப்பு தேவாலயத்தின் நிலவறையில் லஃபார்க் என்னும் பெயரால் மனநல மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கறுப்பின மக்கட்கு மனநல மருத்துவம் ஏறத்தாழக் கிட்டாதிருந்த காலம் அது. மருத்துவர்கள் ஊதியமின்றி உழைத்தனர்; வருவோர் செலுத்திய கட்டணம் 25 சென்டு. ‘நேட்டிவ் சன்’ என்னும் நாவலை எழுதிய ரிச்சர்டு ரைட் அந்நிலையம் உருவாவதற்குத் துணைநின்றார். ரால்ஃப் எல்லிசன் அதனைப் பற்றி 1948-இல் ஒரு கட்டுரை வரைந்தார். சிறுவர்கள் படக்கதைகளைப் பற்றி உரைத்தவற்றை வெர்தாம் மிகுதியாகக் கேட்டறிந்த இடங்களுள் அந்நிலவறையும் ஒன்று.

1951-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மற்றொரு மன்றத்திற் சான்றுரைத்தார். டெலாவர் மாநிலத்தில் கறுப்பினச் சிறுவரையும் வெள்ளையினச் சிறுவரையும் வெவ்வேறு பள்ளிகளிற் பிரித்துவைத்த முறையை எதிர்த்து லூயி ரெடிங், ஜாக் கிரீன்பர்கு என்னும் வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுத்திருந்தனர். அச்சிறுவர்களை லஃபார்க் நிலையத்திற்கு வருவித்து, இரு இனத்தாரையும் ஒருங்கே வைத்து வெர்தாமும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்தனர். பள்ளிக்கட்டடம் நன்றா தீதா என்பதன்று வினா. அரசே முன்னின்று செய்யும் பிரிப்பு, நாள்தோறும், ஆண்டுதோறும், சிறுவனுடைய வாழ்வின் பிற துன்பங்களோடு கூடி, அவன் உள்ளத்தை ஊறுபடுத்துகின்றது என்பது அவர் உரைத்த சான்றின் சாரம். 1952-இல் நீதிபதி காலின்ஸ் சைட்ஸ் கறுப்பின மாணவர்களை வெள்ளையினப் பள்ளிகளிற் சேர்க்குமாறு ஆணையிட்டார். பின்னர் உச்சநீதிமன்றத்தில் ஒன்றாக இணைக்கப்பெற்ற ஐந்து வழக்குகளுள் கீழ்மன்றத்திலேயே அவ்வாறு ஆணை பெற்றது டெலாவர் வழக்கு ஒன்றே. பிரௌன் வழக்கு என வழங்கும் அத்தீர்ப்பு வெளிவந்தது 1954 மே 17. படக்கதைகளுக்கு எதிராக வெர்தாம் செனட்டுக் குழுமுன் பேசிய நாளிலிருந்து 26 நாள் கழித்து.

ஒரே மனிதர், இரண்டு மன்றங்கள். டெலாவர் மன்றத்தில் அவர் ஒரு சிறுவனின் துன்பத்தை எந்த ஒரு தனிக்காரணத்தாலும் விளக்கவில்லை. அவன் வாழும் சூழல் முழுவதையும் கொண்டே விளக்கினார். செனட்டுக் குழுவில் அவர் கதையைச் சூழலினின்று பிரித்தார்; சொற்களை எண்ணினார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

படக்கதையை அவர் இலக்கியமாகக் கருதவில்லை என்பது ஒரு விடை. கருதியிருப்பின், ஓவியத்தையும் சொல்லையும் இணைத்துப் படிக்கும் பொறுமை அவர்க்கு வாய்த்திருக்கும். நாவலாசிரியரோடு நெருங்கிப் பழகியவர்க்குக் கூற்று வேறுபாடு தெரியாதிருத்தல் அரிது. பிறிதொரு விடை கேரல் டில்லி என்னும் பேராசிரியரின் ஆய்விலிருந்து கிடைக்கின்றது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற் காக்கப்பெற்ற வெர்தாமின் தாள்கள் 2010-இல் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றையும் அச்சிட்ட நூலையும் ஒப்பிட்டு டில்லி 2012-இல் தம் முடிபுகளை வெளியிட்டார். சிறுவர்கள் கூறியவற்றை வெர்தாம் சில இடங்களில் மாற்றினார். வெவ்வேறு சிறுவர் கூற்றுகளை ஒருவர் கூற்றாக இணைத்தார். தம் கருத்திற்கு இசையாத குடும்பநிலைகளையும் பிற காரணங்களையும் விடுத்தார் என்பன அம்முடிபுகள். பள்ளிக்குச் செல்லாத 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலைக்குப் படக்கதையே காரணம் என நூல் தோற்றுவிக்கின்றது. அவள் தெருக்கும்பல் ஒன்றைச் சேர்ந்தவள் என்பதும், எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்பட்டவள் என்பதும் குறிப்பேட்டில் இருந்தும் நூலில் ஏறவில்லை.

டில்லியின் கண்டுபிடிப்பைப் பலர் ஒரு பொய்யர் பிடிபட்ட செய்தியாகவே ஏற்றனர். எமக்கு அதனினும் ஆழமான ஒன்று அதிற் புலப்படுகின்றது. வெர்தாம் அந்நூலில் விடுத்தது எதனையோ, அதுவே டெலாவர் மன்றத்தில் அவர் வற்புறுத்தியது. சிறுவனின் முழுவாழ்வே அவருடைய மருத்துவத்தின் அடிப்படை. அதனைத் தம் நூலில் அவரே வெட்டினார். கதையின் கூற்றைச் சிதைத்தவர் சிறுவரின் கூற்றையும் சிதைத்தார் என்பது தற்செயலன்று. முன்னரே கொண்ட முடிபிற்குச் சான்று தேடுவோர் கையில் எவர் சொல்லும் பிழையாது நில்லாது.

இவ்வளவும் கூறியபின், அவர் சொன்னவற்றுள் உண்மையானதனையும் கூறுதல் கடன். காட்டுக்கதை இதழ்களில் ஆப்பிரிக்க மக்கள் மனிதரினும் தாழ்ந்த உருவினராகவும், வெள்ளையினத்தார் அவர்களை ஆளப் பிறந்தவராகவும் தீட்டப்பட்டிருந்ததனை வெர்தாம் தம் நூலில் எடுத்துக்காட்டினார். நிறத்தைக் கொண்டே தீயவன் இவன் என்று சிறுவர் அடையாளங் காண்பதனையும் குறித்தார். இதில் அவர் வழுவிலர். எழுத்தறியாச் சிறுவன் படத்தையே காண்பான், முடிவினைக் காணான் என்னும் அவர் வாதத்தையும் எளிதில் தள்ள இயலாது. ‘கசையடி’க் கதையிலும் கசை ஓங்கிய படம் கண்ணிற் பதிவது போல அறிவுரை பதியுமா என்பது ஐயமே. படக்கதையின் கூற்று எழுத்தால் மட்டும் இயல்வதன்று. ஓவியமும் ஒரு கூற்று. எழுத்து கண்டிக்கும் ஒன்றை ஓவியம் சுவைத்துக் காட்டுதல் ஈ.சி. இதழ்களில் அரிதன்று.

செனட்டு விசாரணைக்குப் பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது. வெளியீட்டாளர்கள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, 1954 அக்டோபரில் ஒழுக்கநெறித் தொகுப்பு ஒன்றை ஏற்றனர். வெர்தாம் வேண்டியது இதுவன்று. சிறுவர்க்குக் குற்றக்கதை இதழ்களை விற்றலைத் தடுக்கும் சட்டத்தையே அவர் கோரினார். வணிகரே தமக்கு நடுவராதலை அவர் நம்பவில்லை. எனினும் அத்தொகுப்பின் தந்தையாக அவரையே பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். எந்த இனத்தையும் சமயத்தையும் இகழ்தல் கூடாது என்னும் விதியும் அதில் இருந்தது. அவ்விதி எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு ஒரு கதை போதும்.

‘தீர்ப்பு நாள்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஆல் ஃபெல்டுஸ்டைன் எழுத ஜோ ஆர்லாண்டோ வரைந்த கதை 1953-இல் முதலில் வெளிவந்தது. டார்ல்டன் என்னும் விண்வெளி வீரன், எந்திர மாந்தர் வாழும் கோள் ஒன்றிற்குச் செல்கின்றான். விண்மீன் குடியரசில் சேர அக்கோள் தகுதியுடையதா என்று ஆராய்தல் அவன் கடமை. ஆங்குச் செம்மஞ்சள் நிறத்தார், நீல நிறத்தார் என இரு வகையினர். உள்ளமைப்பில் இருவரும் ஒன்றே; மேற்பூச்சு மட்டும் வேறு. நீல நிறத்தார்க்குத் தாழ்ந்த பணி, தனிக் குடியிருப்பு, பேருந்தில் பின்னிருக்கை. இன்னும் காலம் கனியவில்லை எனக் கூறி அவன் மீள்கின்றான். கதை முழுதும் அவன் முகத்தைத் தலைக்கவசம் மறைத்துள்ளது. தன் கலத்திற்கு மீண்டபின் அதனைக் கழற்றுகின்றான். இறுதிக் கட்டத்தில் நாம் காண்பது ஒரு கறுப்பின மனிதனின் முகம். அதில் வியர்வைத் துளிகள்.

இக்கதையின் கூற்றமைதி நுணுகி நோக்கத்தக்கது. தீர்ப்புரைக்கும் குரல் தொடக்கமுதல் நம் காதில் விழுகின்றது. அக்குரலுக்கு நாம் அறியாமலே ஒரு முகத்தைக் கற்பித்துக்கொள்கிறோம். 1953-ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுவன் எம்முகத்தைக் கற்பித்திருப்பான் என்பதனைச் சொல்ல வேண்டுவதில்லை. முகம் வெளிப்படும்போது அவன் பேசுவதில்லை. கோளின் எந்திர மாந்தர் மீது சென்ற தீர்ப்பு அக்கணத்தில் வாசகன்மேல் திரும்புகின்றது. ஈ.சி. வெளியிட்ட பிற அறக்கதைகளில் கறுப்பின மனிதன் பெரும்பாலும் அடிபடுவோன், அல்லது இறந்தோன். கொரியப் போரில் தன்னைக் காத்து மடிந்த கறுப்பினத் தோழனைத் தம் குடும்பக் கல்லறையிற் புதைக்க ஊரார் இசையவில்லை என்று வெள்ளையின வீரன் ஒருவன் வெகுண்டு பேசும் கதை அவற்றுள் உயர்ந்தது. அதிலும் பேசுவோன் வெள்ளையினத்தானே. ‘தீர்ப்பு நாள்’ ஒன்றில்தான் கறுப்பின மனிதன் தானே கண்டு, தானே எடைபோட்டு, தானே தீர்ப்பளிக்கின்றான். கியானா விட்டெட் 2019-இல் வெளியிட்ட நூலில் இவ்வறக்கதைகள் வாசகனை நாணச்செய்யும் திறத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். நாணம் பிறர் இழிவைக் கண்டு பிறப்பதினும், தன் கற்பனையின் இழிவைக் கண்டு பிறக்குங்கால் ஆழமாகும் என்பது இக்கதையால் யாம் அதனோடு சேர்க்க விரும்புவது.

1956-இல் வேறொரு கதையை ஒழுக்கநெறி அலுவலகம் மறுத்ததனால் அவ்விடத்தில் ‘தீர்ப்பு நாள்’ கதையை மீண்டும் வெளியிட ஈ.சி. முனைந்தது. அலுவலகத்தின் தலைவர் முன்னாள் நீதிபதி சார்லஸ் மர்ஃபி. ஃபெல்டுஸ்டைன் பின்னாளில் நினைவுகூர்ந்தவாறு, அவ்வீரன் கறுப்பினத்தானாக இருத்தல் ஆகாது என்று மர்ஃபி கூறினார். கதையின் பொருளே அதுவென்று எடுத்துரைத்து, கெயின்ஸும் செய்தியைப் பொதுமக்கள்முன் வைப்பதாக அச்சுறுத்தவே, வியர்வைத் துளிகளையேனும் நீக்குக என்றார். நெற்றி வியர்த்தலை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணிய இலக்கண மரபில் வந்த எமக்கு இவ்வேண்டுகோள் வியப்பளிப்பதில்லை. முகத்தை நீக்க முடியாவிடின் அம்முகத்தில் உயிருண்மையைக் காட்டும் குறியை நீக்க முயன்றார் அவர். எந்திரங்கள் வியர்ப்பதில்லை. துளிகள் நீங்காமலே கதை வெளிவந்தது. ஈ.சி. வெளியிட்ட இறுதிப் படக்கதை இதழ் அதுவே.

இனத்தை இகழாதே என்னும் விதியைக் காக்க அமர்ந்தவர், ஓரினத்தின் முகமே தோன்றலாகாது என்றார். இகழ்ச்சி சொல்லில் உள்ளது என்று எண்ணியோர் முகத்தின் தோற்றத்தையே இகழ்ச்சியாகக் கொள்ளும் நிலைக்கு வந்தனர்.

இவ்வழக்கு முழுவதிலும் ஒரு குறையை யாம் கடந்து செல்ல ஒண்ணாது. வெர்தாம், கெயின்ஸ், கீஃபாவர், மர்ஃபி ஆகிய அனைவரும் வெள்ளையினத்தார். படக்கதையில் தம்மினம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது பற்றிக் கறுப்பினக் கலைஞர்க்குக் கருத்தில்லாமலில்லை. 1947-இல் பிலடெல்பியாவில் ஆரின் எவன்சு என்னும் இதழாளர் கறுப்பினத்தாரே எழுதி வரைந்த படக்கதை இதழ் ஒன்றை வெளியிட்டார். அஃது ஓர் இதழோடு நின்றது. ஜாக்கி ஓர்ம்ஸ் என்னும் பெண்மணி கறுப்பினச் செய்தித்தாள்களில் 1937 முதல் படக்கதை வரைந்து வந்தார். இவர்களை வைத்து அவ்வரலாற்றைத் தொடங்கியிருந்தால் ஈ.சி.யின் அறக்கதைகள் தனிச்சுடராகத் தோன்றியிரா.

மீண்டும் வெர்தாமிடம் வருவோம். 1981-இல் அவர் மறைந்தார். படக்கதை அன்பர்கள் நினைவில் அவர் ஒரு நூலாலும் ஒரு பிற்பகலாலும் மட்டுமே வாழ்கின்றார். இட்லரோடு ஒப்பிட்ட அவ்வொரு தொடரை எடுத்துக்கொண்டு மனிதர் முழுவதையும் தள்ளுகின்றனர். லஃபார்க் நிலையமும் டெலாவர்ச் சான்றும் அவ்வரலாறுகளில் ஓரிரு வரி பெறுதலே மிகுதி. பார்ட் பீட்டி 2005-இல் எழுதிய நூல் இந்நிலையை மாற்ற முயன்றது. ஆயினும் டில்லியின் ஆய்வு வெளிவந்தபின், மாற்றிய நினைவு மீண்டும் பழைய வழிக்கே சாய்ந்தது. கதையின் ஒரு சொல்லைப் பிரித்தெடுத்து அவர் கதைக்குச் செய்ததனையே, அவருடைய ஒரு தொடரைப் பிரித்தெடுத்து நாம் அவர்க்குச் செய்கிறோம். டில்லி அதனைச் செய்தார் என்று யாம் கூறவில்லை. அவர் தாளையும் நூலையும் அருகருகே வைத்துக் காட்டியது நேர்மையான பாடவேறுபாட்டு ஆய்வு. அதனைப் படித்தோர் முடிபை மட்டும் எடுத்துச் சென்றனர்.

வாஷிங்டனில் உள்ள அத்தாள்களில் வெர்தாம் விடுத்த பகுதிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை இதுகாறும் அவர் உண்மை கூறினாரா பொய் கூறினாரா என்று அறிதற்கே பெரிதும் பயன்படுத்தியுள்ளனர். தாம் படித்த கதைகளைப் பற்றியும், தம் தெருவையும் வீட்டையும் பற்றியும் சிறுவர்கள் வாய்திறந்து உரைத்தவை அவற்றுள் உள. அவற்றை மருத்துவரின் சான்றாகக் கொள்ளாமல் அச்சிறுவர்களின் கூற்றாகவே எடுத்துப் படித்தல் அடுத்துச் செய்ய வேண்டிய ஆராய்ச்சி என்று யாம் கருதுகிறோம்.